கூரைமரம் கோணாமல் இருக்க

பனங்கிழங்கைக் கிழித்து ஒடியலுக்குக் காயப்போட்டவர்களுக்கு நாம் இங்கே சொல்ல வருவது புதிய சங்கதி அல்ல. கிழித்துப் போட்ட அன்று நேராகக் கிடந்த பாதி, நாலைந்து நாள் வெயிலுக்குள் முறுகி, வளைந்து, ஒன்றுக்கொன்று பொருந்தாத உருவம் எடுத்துவிடும். அதை எவரும் குறையாக எண்ணுவதில்லை. ஒடியல் என்றால் அப்படித்தான். இதே காரியம் கூரைக்கென்று கடன்பட்டு வாங்கிய கைமரத்துக்கும் றீப்பைக்கும் நடக்கும்போதுதான் வீடு கலங்குகிறது. "மரக்காலைக்காரர் ஏமாற்றிப்போட்டார்" என்ற பேச்சு எழுகிறது. சில இடங்களில் அது உண்மையாகவும் இருக்கலாம். ஆனால் நாம் போய்ப் பார்த்த வளவுகள் பலவற்றில் மரம் நல்ல மரமே. வந்து இறங்கிய பிறகு, கிடந்த கிடையிலேதான் அது கோணியது.

கையில் முழுப் பணத்தையும் வைத்துக்கொண்டு வீடு கட்டுபவருக்கு இது ஒரு பிரச்சினையே அல்ல. சுவர் எழும்பிய பிறகு மரத்தை வாங்குவார். அடுத்த கிழமையே தச்சர் ஏற்றிவிடுவார். எமது குடும்பங்களின் நிலை அதுவல்ல. உதவிப் பணம் ஒரே தொகையாக வருவதில்லை. 2012 இலிருந்து வடக்கிலும் கிழக்கிலும் பெருமளவில் நடைபெற்ற இந்திய வீடமைப்புத் திட்டத்தில் ஒரு வீட்டுக்கு 5 இலட்சத்து 50 ஆயிரம் ரூபா வழங்கப்பட்டது; அதுவும் வேலை நடக்க நடக்கக் கட்டம் கட்டமாகவே வந்தது. பின்னர் வந்த வேறொரு திட்டத்தில், 2019 இன் இறுதியில் ஆட்சி மாறியதோடு தவணைகள் நின்றுபோக, பல குடும்பங்கள் பாதிச் சுவர்களோடு காத்திருந்தன. 2022 இன் நெருக்கடியில் சீமெந்தும் தகரமும் மரமும் போட்டி போட்டுக்கொண்டு விலையேறின. "காசு கையிலை இருக்கேக்கை மரத்தை வாங்கிப் போடுவம், நாளைக்கு என்ன விலையோ" என்று வாங்கியவர்களை நாம் குறைசொல்லமாட்டோம். அது நல்ல யோசனைதான். ஆனால் வாங்கிய மரத்தை ஆறு மாதமோ இரண்டு வருடமோ வைத்திருக்க வேண்டி வரும்போது, எப்படி வைத்திருப்பது என்பதைத்தான் ஒருவரும் அவர்களுக்குச் சொல்லவில்லை.

கூரைமரம் எங்கள் மக்களுக்கு வெறும் கட்டடப் பொருளும் அல்ல. 1995 ஒக்டோபரில் வலிகாமத்தை விட்டுப் புறப்பட்டவர்களும், பின்னர் வன்னியில் இடத்துக்கு இடம் பெயர்ந்தவர்களும், முடிந்தபோதெல்லாம் கூரையைக் கழற்றி உழவு இயந்திரப் பெட்டியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். சுவரைக் கொண்டுபோக முடியாது. தகரத்தையும் வளையையும் கொண்டுபோகலாம். வலிகாமம் வடக்கிலிருந்து 1990 இல் பெயர்ந்த குடும்பங்களுக்கு, 2015 இன் பின்னர் காணிகள் பகுதி பகுதியாக விடுவிக்கப்பட்டபோது, பல வளவுகளில் கூரையும் கதவும் யன்னலும் இல்லாத சுவர்களே மிஞ்சியிருந்தன. 1990 இல் வெளியேறிப் புத்தளத்தில் வாழ்ந்து மன்னாருக்குத் திரும்பிய முஸ்லிம் குடும்பங்களும் கூரையிலிருந்தே தொடங்க வேண்டியிருந்தது. ஒரு கூரைக்கான மரத்தை ஒருதரம் வாங்குவதே பெரும்பாடு. இரண்டாந்தரம் வாங்குவதென்றால் அது நகைக்கடையிலோ வட்டிக்காரரிடமோ போய் முடிகிற கதை.

வளவு ஒன்றில் வயதான தச்சர் ஒருவருக்கும் வீட்டுக்காரப் பெண்ணுக்கும் நடந்த பேச்சை நாம் அருகில் நின்று கேட்டோம். கைமரங்களை ஒவ்வொன்றாகத் தூக்கி, ஒரு கண்ணை மூடி, ஓரத்தை நீளவாட்டில் பார்த்துக்கொண்டே அவர் சொன்னார்: "பிள்ளை, இந்தப் பத்திலை மூண்டு முறுகிப்போச்சு. இதுக்கு மேலை ஓடு இருக்காது."

"ஐயா, எப்பிடியாவது நேராக்கேலாதே? இன்னொருக்கால் வாங்க எங்களிட்டை வழியில்லை."

"வளைஞ்சதெண்டால் ஏதும் செய்து பாக்கலாம். முறுகினதை நான் என்னெண்டு நிமித்திறது?"

அந்த மரம் ஏழு மாதமாக மதில் ஓரத்தில் சாத்தியபடி நின்றிருக்கிறது.

மரத்துக்குள் இருக்கும் தண்ணீர்

அரிந்த பச்சை மரத்துக்குள் எவ்வளவு தண்ணீர் இருக்கிறது என்பதைப் பலர் நம்பமாட்டார்கள். காய்ந்த மரத்தின் நிறையோடு ஒப்பிட்டால் அதில் பாதிக்கும் மேற்பட்ட நிறை நீராகவே இருப்பது சாதாரணம். 12 அடி நீளமான 4க்கு 2 கைமரம் ஒன்று கனமான மரமாக இருந்தால், பச்சைநிலையிலிருந்து பாவிக்கத்தக்க காய்ச்சலுக்கு வரும்போது ஐந்தாறு லீற்றர் தண்ணீரை விட்டிருக்கும். முப்பது கைமரம் என்றால் ஏறக்குறைய ஒரு பரல் தண்ணீர். இவ்வளவும் ஆவியாக வெளியேற வேண்டும். எந்தப் பக்கத்தால் வேகமாக வெளியேறுகிறது, எந்தப் பக்கத்தால் தாமதமாகிறது என்பதே மரம் நேராக நிற்பதையும் கோணுவதையும் தீர்மானிக்கிறது.

தண்ணீர் போகத் தொடங்கியவுடனே மரம் சுருங்குவதில்லை. முதலில் நாளங்களின் வெற்றிடங்களில் நிற்கும் நீர் போகும். அதனால் நிறை குறையுமே தவிர உருவம் மாறாது. ஏறத்தாழ 30 வீத ஈரத்துக்குக் கீழே இறங்கும்போதுதான் நாரோடு சேர்ந்திருக்கும் நீர் வெளியேறி, மரம் சுருங்கத் தொடங்கும். இந்தச் சுருக்கம் எல்லாத் திசையிலும் ஒன்றல்ல. நீளவாட்டில் கிட்டத்தட்ட இல்லையென்றே சொல்லலாம். அடிமரத்தின் நடுவிலிருந்து பட்டையை நோக்கிய திசையில் ஓரளவு சுருங்கும். வளையங்களைச் சுற்றிப் போகும் திசையிலோ அதைப்போல் ஏறக்குறைய இரண்டு மடங்கு சுருங்கும். 4 அங்குல அகலத்தில் ஒரு நூலோ அதற்குச் சற்றுக் கூடவோ குறைவது வழக்கம். ஒரே துண்டுக்குள் ஒரு முகம் அதிகமாகவும் மறுமுகம் குறைவாகவும் சுருங்கினால் பலகை கிண்ணம்போலக் குழியும். நார் சுற்றிச் சுற்றி வளர்ந்த மரமாக இருந்தால் கயிறுபோல முறுகும். ஒரு பக்கம் வெயிலும் மறுபக்கம் நிலத்தீரமும் பட்டால் வில்லாக வளையும்.

புகையிலை உணர்த்தியவர்களுக்கு இதில் விளக்கம் தேவையில்லை. இலையை அவசரப்பட்டுச் சுடுவெயிலில் போட்டால் சருகாகும். காற்றில்லாமல் குவித்தால் பழுதாகும். நிழலும் காற்றும், அத்தோடு பொறுமையும் வேண்டும். மரத்துக்கும் அதேதான்.

மரம் எவ்வளவுதான் காய்ந்தாலும் தண்ணீரற்றுப் போவதில்லை. எங்கள் காலநிலையில் கூரைக்குள் இருக்கும் மரம் ஏறத்தாழ 12 முதல் 16 வீத ஈரத்தில் நிலைகொள்ளும். மாரியில் சற்றுக் கூடும், கோடையில் சற்றுக் குறையும். 20 வீதத்துக்குக் கீழே இறங்கிய மரத்தை உக்கவைக்கும் பூஞ்சணம் பிடிப்பதில்லை. ஆகவே 20க்குக் கீழே இறக்கி அங்கேயே வைத்திருப்பதுதான் எங்கள் வேலை.

வாங்கும்போது கவனிக்க வேண்டியவை

அடுக்கும் முறையால் எல்லா மரத்தையும் காப்பாற்ற முடியாது. மரக்காலையில் நிற்கும்போதே துண்டின் வெட்டுமுகத்தைப் பாருங்கள். அடிமரத்தின் நடுநெஞ்சு அந்த முகத்தில் தெரிந்தால், அந்தத் துண்டு வெடிக்கவும் முறுகவும் கூடியது. மாற்றித் தரச் சொல்லுங்கள். நார்க்கோடுகள் நீளவாட்டில் ஓடாமல் ஓரத்தை நோக்கிச் சரிந்து போகும் துண்டையும் தவிருங்கள். பெரிய கணு நடுவில் வந்தால் பாரம் தாங்காது. வெளிவெள்ளை கூடிய துண்டுகளில் உளுவண்டு இலகுவில் ஏறும். பட்டை ஒட்டியிருந்தால் வீட்டுக்குக் கொண்டுவந்த அன்றே உரித்துவிட வேண்டும். பூச்சி அதற்குள்ளேதான் குடியிருக்கும்.

முதிரை, பாலை போன்ற காட்டு மரங்களை அனுமதியின்றித் தறிப்பதும் ஏற்றுவதும் குற்றம். பனை தறிப்பதற்கும் பிரதேச செயலகத்தில் கேட்டறிந்து நடப்பதே புத்தி. மலிவாகத் தருகிறோம் என்று இரவில் இறக்கிவிட்டுப் போகும் மரம் எத்தனையோ குடும்பங்களை நீதிமன்ற வாசலில் நிறுத்தியிருக்கிறது. பற்றுச்சீட்டையும் பேர்மிட்டையும் கூரை போட்டு முடிந்த பிறகும் பத்திரமாக வையுங்கள்.

தேய்பிறையில் தறித்தால் பூச்சி பிடிக்காது என்று பெரியவர்கள் சொல்வார்கள். நாம் அதை வாதாட வரவில்லை. இரண்டு கிழமை பொறுப்பதால் எவருக்கும் நட்டமில்லை. ஆனால் பிறை பார்த்துத் தறித்த மரத்தை மண்ணில் போட்டு வைத்தால் பிறை காப்பாற்றாது.

எந்த மாதத்தில் அரிகிறோம் என்பதுதான் அதைவிடப் பெரிய விடயம். மாசி, பங்குனியில் அரிந்து அடுக்கினால் கோடை முழுவதும் கையில் இருக்கிறது. ஐப்பசி மழைக்கு முன்னர் கூரைக்கு ஏற்ற வாய்ப்புண்டு. ஐப்பசி, கார்த்திகையில் அரிந்த மரம் காலபோகம் முடியும்வரை ஏறக்குறைய அரிந்த ஈரத்திலேயே கிடக்கும்.

அடுக்கும் முறை

இதற்குத் தேவையான பொருட்களில் பெரும்பாலானவை வீடு கட்டும் வளவில் ஏற்கெனவே உள்ளவை. சுவருக்கென்று அரிந்து வைத்த சீமெந்துக் கல், றீப்பைத் துண்டுகள், பழைய தகரம் அல்லது கிடுகு. கல்லை அடுக்குக்குக் கீழே பாவித்துவிட்டு, மரம் கூரைக்கு ஏறியதும் மதிலுக்கோ குசினிக்கோ எடுத்துக்கொள்ளலாம்.

இடத்தைத் தெரிவு செய்யும்போது மழைத்தண்ணீர் தேங்காத மேட்டு நிலமாகப் பாருங்கள். மரநிழல் நல்லது, ஆனால் தேங்காயும் மட்டையும் விழும் தென்னையின் கீழ் வேண்டாம். புல்லைச் செருக்கி, நிலத்தைச் சுத்தமாக்குங்கள். இது கறையானுக்காக மட்டுமல்ல, பாம்புக்காகவும்தான்.

12 அடி மரத்துக்கு இரண்டு அடிக்கு ஒரு வரிசையாக ஏழு வரிசைக் கல் வையுங்கள். ஒவ்வொரு வரிசையிலும் இரு பக்கமும் கல், அதன்மேல் குறுக்காக ஒரு தடித்த கட்டை. நிலத்திலிருந்து ஒன்று, ஒன்றரை அடி உயரம் இருக்க வேண்டும். அதற்குக் குறைந்தால் நிலத்தீரம் மேலே ஏறும். கீழே காற்றும் ஓடாது. இந்த ஏழு கட்டைகளும் ஒரே மட்டத்தில் இருக்க வேண்டும் என்பதை நாம் அழுத்திச் சொல்கிறோம். கண் மதிப்பில் விடாதீர்கள். மேசனிடம் உள்ள தண்ணீர்க்குழாய் மட்டத்தாலோ, இரு அந்தத்திலும் இழுத்துக் கட்டிய நூலாலோ பாருங்கள். நடுக்கட்டை ஒரு அங்குலம் தாழ்ந்திருந்தால், அதன்மேல் கிடக்கும் மரம் முழுவதும் அந்த ஒரு அங்குலத் தொய்வோடு காய்ந்து, அப்படியே இறுகிவிடும். காய்ந்த பிறகு அதைத் திருத்த முடியாது. பச்சை மரம் தான் கிடக்கும் உருவத்தைத் தன் உருவமாக்கிக்கொள்ளும். மதிலில் சாத்தி வைத்த மரம் வளைந்து போவதற்கும் இதுவே காரணம்.

முதல் வரியில் மரங்களை ஒன்றுக்கொன்று முட்டாமல், விரல் நுழையும் இடைவெளி விட்டு அடுக்குங்கள். அதன்மேல் குறுக்காக ஒரு அங்குலத் தடிப்புள்ள சிறு கட்டைகளை வையுங்கள். அதன்மேல் அடுத்த வரி. பிறகு மீண்டும் குறுக்குக் கட்டை. இப்படியே மேலே போகலாம். குறுக்குக் கட்டைகள் எல்லாம் ஒன்றுக்கு நேர்மேலே ஒன்றாக, கீழே கல் இருக்கும் இடத்துக்கு நேராகவே வர வேண்டும். ஒன்று இங்கும் ஒன்று அங்குமாக வைத்தால், மேலுள்ள பாரம் முழுவதும் இடைவெளியில் இறங்கிக் கீழ்மரத்தை வளைத்துவிடும். அந்தத்தில் வைக்கும் கட்டை மரநுனிக்கு மிக அருகில் இருக்கட்டும். தொங்கிக்கொண்டிருக்கும் நுனிதான் முதலில் வெடிப்பதும் கோணுவதும். 2க்கு 1 றீப்பை மெல்லியது. அதற்கு இரண்டடி இடைவெளி கூடுதல்; ஒன்றரை அடிக்கு ஒரு கட்டை வேண்டும். கட்டாகக் கட்டி வந்த றீப்பையை அவிழ்க்காமல் வைத்தால் உள்ளே பூஞ்சணம் பூத்துவிடும்.

குறுக்குக் கட்டைக்குக் காய்ந்த மரமே ஆகும். பச்சைத் தடியை வைத்தால் அது பட்ட இடமெல்லாம் கறுத்துக் கறை பிடிக்கும். பனைமட்டை கைக்கெட்டிய தூரத்தில் கிடக்கிறது என்பது உண்மையே. ஆனால் இரண்டு மட்டை ஒரே தடிப்பில் இருப்பதில்லை. எல்லாம் ஒரே தடிப்பு என்பதுதான் இந்தக் கட்டைகளின் முழு உபயோகமும்.

நீளமான மரங்கள் கீழே, கட்டையானவை மேலே. அடுக்கி முடிந்ததும் மேல்வரிக்குப் பாரம் வைக்க வேண்டும். குறுக்குக் கட்டைகளுக்கு நேர்மேலே சீமெந்துக் கற்களை வரிசையாக வைத்தால் போதும். கீழ்வரிகளை மேல்வரிகளின் பாரமே அமுக்கிப் பிடிக்கும். மேல்வரியைப் பிடிக்க ஒருவரும் இல்லாததால்தான் அது முதலில் முறுகுகிறது. நெல்மூட்டையைப் பாரமாக வைக்க வேண்டாம். மரத்திலிருந்து கிளம்பும் ஈரம் நெல்லுக்குப் போகும்.

வெட்டுமுகம் இரண்டுக்கும் ஏதாவது பூசுங்கள். மரத்தின் நாளங்கள் அங்கேதான் திறந்திருக்கின்றன. ஆகவே பக்கங்களைவிட வெட்டுமுகத்தால் தண்ணீர் பல மடங்கு வேகமாக ஓடுகிறது. நுனி முதலில் காய்ந்து சுருங்க, உள்ளே பச்சையாக இருக்கும் பகுதி விட்டுக்கொடுக்காமல் நிற்க, நுனி வெடித்துப் பிளக்கிறது. மிஞ்சிக் கிடக்கும் எண்ணெய்ப் பூச்சோ தாரோ மெழுகோ போதும். ஒன்றும் இல்லாத இடத்தில் சாணத்தைத் தடிப்பாகக் கரைத்துப் பூசலாம். உதிர உதிர மறுபடி பூச வேண்டும். பூச்சாகப் பூசினால் வேறொரு நன்மையும் உண்டு. உங்கள் மரத்துக்கு உங்கள் நிறம் ஒன்று அடையாளமாகிவிடும். அடுக்கிலிருந்து இரண்டு மரம் ‘நடந்து போகிற’ ஊர்களில் இது சிறிய விடயமல்ல.

காற்றின் திசையையும் கணக்கில் எடுங்கள். வைகாசியிலிருந்து வீசும் சோளகம் வரண்ட காற்று. அது மரத்தின் வெட்டுமுகத்தில் நேரே அடிக்கக் கூடாது. அடுக்கின் நீளப்பக்கத்தால் நுழைந்து, குறுக்குக் கட்டைகளுக்கிடையே ஓடி, மறுபக்கத்தால் வெளியேற வேண்டும். காற்று மிகக் கடுமையாக இருந்தால் அந்தப் பக்கத்தில் கிடுகுத் தட்டி ஒன்றை ஒரு முழம் தள்ளிக் கட்டிவிடுங்கள். மாரியில் வாடைக்காற்றோடு வரும் சாரலுக்கும் அதே தட்டியை மறுபக்கம் மாற்றலாம்.

தறப்பாளால் மூடுவது

நல்லெண்ணத்தோடு செய்யப்பட்டு அதிக சேதம் தருவது இதுவே. மழைக்குப் பயந்து மரத்தைத் தறப்பாளால் சுற்றி, நிலத்தோடு கல்வைத்து அமுக்கிவிடுகிறார்கள். பகலில் மரம் விடும் ஆவி தறப்பாளின் உட்புறத்தில் படிந்து, இரவில் துளியாகி மரத்திலேயே விழுகிறது. தறப்பாள் கொட்டிலில் படுத்தவர்களுக்கு விடியற்காலையில் முகத்தில் சொட்டும் தண்ணீர் எப்படி வருகிறதென்று தெரியும். இரண்டு கிழமையில் மரத்தில் நீலக்கறை, ஒரு மாதத்தில் வெள்ளைப் பூஞ்சணம். மேலே சரிவாகத் தகரமோ கிடுகோ தறப்பாளோ போடுங்கள். அடுக்குக்கும் அதற்கும் இடையே ஒரு அடியாவது இடைவெளி இருக்கட்டும். பக்கங்கள் நாலும் திறந்திருக்கட்டும். கூரையின் ஓரம் அடுக்கைவிட இரண்டடி வெளியே நீண்டிருந்தால் சாரல் அதிகம் படாது.

உறவினர் வீட்டில் ஒண்டியிருப்பவர்களுக்கு இவ்வளவு இடம் எங்கே என்ற கேள்வி நியாயமானது. கைமரம் முப்பதும் றீப்பையும் அடுக்கப் பதின்மூன்று அடி நீளமும் நாலடி அகலமும் போதும். வீட்டுத் தாழ்வாரத்தின் ஒரு பக்கம் அதற்குக் காணும். சுவரை முட்டாமல் ஒரு சாண் தள்ளி அடுக்குங்கள். அதுவும் இல்லாத இடத்தில் நாலைந்து குடும்பங்கள் சேர்ந்து பொதுமண்டபத் தாழ்வாரத்திலோ பாவனையில் இல்லாத களஞ்சியத்திலோ ஒன்றாக அடுக்கலாம். நிற அடையாளம் அங்கேதான் பெரிதும் உதவும். குசினிக்கு மேலே பரணில் மரம் வைப்பது பழைய வழக்கம். புகை பட்ட மரத்தைப் பூச்சி அண்டாது. ஆயினும் கொட்டிலின் காலும் வளையும் தாங்குமா என்று பார்த்தே ஏற்ற வேண்டும். பிள்ளைகள் படுக்கும் இடத்துக்கு மேலே ஒருபோதும் வேண்டாம்.

கறையானுக்காகக் கல்லின் மேல், கட்டைக்குக் கீழே, கல்லைவிட அகலமான தகரத் துண்டொன்றை வைத்து அதன் விளிம்பைக் கீழ்நோக்கி மடித்துவிடுங்கள். கறையான் அதைச் சுற்றி மண்புற்றுக் கட்டியே ஏற வேண்டும். அது கண்ணுக்குத் தெரியும், தட்டிவிடலாம். கிழமைக்கு ஒருதரம் குனிந்து பார்க்கும் வேலையைப் பிள்ளைகளிடம் விடாதீர்கள். கழிவு ஒயிலை மரம் முழுவதும் பூசும் வழக்கத்தையும் நாம் விரும்பவில்லை. அது மேலோடு நிற்கிறது, வீட்டுக்குள் வருடக்கணக்கில் மணக்கிறது, தீ பிடித்தால் உதவி செய்கிறது. கல்லின் காலடியில் ஊற்றுவதோடு நிறுத்திக்கொள்ளலாம்.

பனையும் பழைய மரமும்

பனையும் தென்னையும் மற்ற மரங்களைப் போன்றவையல்ல. வேம்புக்கும் முதிரைக்கும் வைரம் உள்ளே. பனைக்கு வைரம் வெளியே. நடுவில் இருப்பது சோற்றி. ஆகவே பனங்கைமரத்தின் ஒரு முகம் இரும்பாகவும் மறுமுகம் பஞ்சாகவும் இருக்கும். இரண்டும் ஒரேயளவாகச் சுருங்குவதில்லை. சோற்றியை முற்றாகச் செதுக்கி எடுத்த பிறகே அடுக்க வேண்டும். விட்டுவைத்தால் அது ஈரத்தைப் பிடித்துக்கொண்டு மரத்தை வளைக்கும். பூச்சிக்கும் அதுவே தீன். அடுக்கும்போது எல்லா மரத்தின் வைரமுகமும் ஒரே பக்கம் பார்க்கட்டும். பாரத்தையும் சற்றுக் கூடுதலாக வையுங்கள்.

போர்க்காலத்தில் எத்தனையோ பனைகள் பதுங்குகுழிகளுக்கும் காவலரண்களுக்கும் போயின. அந்த மண்ணில் மிஞ்சி நிற்கும் மரங்களைத் தறிப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். சண்டை நடந்த இடங்களின் மரங்களுக்குள் செல் துண்டும் சன்னமும் புதைந்து கிடக்கின்றன. மேலே பட்டை மூடி ஆறிவிடும். வாள் போய் முட்டும்போதுதான் தெரியும். வாள் உடைந்து அரிபவருக்கும் காயம் வரும். பழைய தழும்போ கறுத்த பொட்டோ தெரிந்தால் மில்லில் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

உடைந்த வீடுகளிலிருந்து கழற்றிய பழைய வளைகளும் கைமரங்களும் பெரும் சொத்து. அவை பல பத்தாண்டுகள் காய்ந்தவை. இனி அதிகம் அசையமாட்டா. ஆனால் கூரையின்றி மழையில் கிடந்த வீட்டு மரம் மறுபடி ஈரம் குடித்திருக்கும். ஆணிகளைப் பிடுங்கி, உக்கிய நுனிகளை அறுத்து, பச்சை மரத்தைப் போலவே அடுக்கி உணர்த்துங்கள். புதிய மரத்தோடு கலந்து அடுக்க வேண்டாம். பழையதில் உளுவண்டுத் துளையும் புதிய மாவும் கண்டால் அந்தத் துண்டைத் தனியே பிரித்துவிடுங்கள். ஒரு துண்டுக்கு இரக்கப்பட்டு முழு அடுக்கையும் கொடுக்க வேண்டியதில்லை.

காய்ந்துவிட்டதா?

மாதக் கணக்கை மட்டும் நம்ப வேண்டாம். தடிப்பு இரட்டித்தால் காயும் காலம் இரட்டிப்பதோடு நிற்பதில்லை, அதற்கும் மேலே போகும். தராசுதான் உண்மை சொல்லும். அடுக்கின் நடுவிலிருந்து எடுக்க வசதியான ஒரு றீப்பையையும் ஒரு கைமரத்தையும் குறியிட்டு வைத்து, இரண்டு கிழமைக்கு ஒருதரம் நெல் நிறுக்கும் தராசில் நிறுத்து, நிறையை மரத்திலேயே பென்சிலால் எழுதுங்கள். முதலில் வேகமாகக் குறையும், பின்னர் மெதுவாக. அடுத்தடுத்து மூன்று தரம் நிறை மாறாவிட்டால் மரம் காற்றோடு சமநிலைக்கு வந்துவிட்டது.

கணக்குத் தெரிய விரும்புவோர், நுனியிலிருந்து ஒரு அடிக்கு மேல் உள்ளே ஒரு சிறு துண்டு அறுத்து நிறுங்கள். 600 கிராம் என்று வைப்போம். அடுப்புச் சூட்டில், கருகாமல், நிறை குறைவது நிற்கும்வரை பல மணி நேரம் காயவிட்டு மறுபடி நிறுங்கள். 500 கிராம் என்றால், போன தண்ணீர் 100 கிராம். அதை 500 ஆல் பிரித்தால் 20 வீதம். இன்னும் சில கிழமை பொறுக்கலாம் என்று அர்த்தம்.

ஏற்கெனவே கோணிவிட்டிருந்தால்

எல்லாம் விறகல்ல. கைமரம் அதன் உயரவாட்டில் வில்போல் வளைந்திருந்தால், கூனல் மேலே பார்க்கும்படி கூரையில் ஏற்றச் சொல்லுங்கள். ஓட்டின் பாரம் இறங்க அது பெருமளவு நேராகும். கூனலைக் கீழே வைத்தால் கூரை தொய்ந்து, அந்தப் பள்ளத்தில் ஓடுகள் வாய் திறந்து, வாடைமழை உள்ளே வரும். பக்கவாட்டில் சிறிது வளைந்ததை றீப்பை அடிக்கும்போது இழுத்துப் பிடித்து ஆணியடிக்கலாம். கிண்ணம்போல் குழிந்த பலகையின் குழிந்த முகத்தை ஈரச் சாக்கால் மூடி, மறுமுகத்தை வெயிலுக்குக் காட்டி, நிமிர்ந்ததும் பாரம் வைத்து நிழலில் விட்டால் ஓரளவு சரிவரும்.

முறுகியதற்கு, அந்தத் தச்சர் சொன்னதுபோல், மருந்தில்லை. ஆனால் முறுக்கு நீளத்தோடு கூடுவது. 12 அடியில் இரண்டு அங்குலம் முறுகிய மரத்தை மூன்றடித் துண்டுகளாக அறுத்தால், ஒவ்வொரு துண்டிலும் அரை அங்குலமே மிஞ்சும். அதைச் சீவி எடுத்துவிடலாம். நிலைக் கட்டைக்கும் யன்னல் சட்டத்துக்கும் கோழிக்கூட்டுக்கும் ஆட்டுப்பட்டிக்கும் அது போதும். ஓட்டுக் கூரையைவிடத் தகரக் கூரை சிறு கோணலைப் பொறுத்துக்கொள்ளும். ஆகவே குசினிக்குத் தகரம் போடுவதாக இருந்தால், நேரான மரங்களை வீட்டுக்கு ஒதுக்கி, சற்றே வளைந்தவற்றைக் குசினிக்குத் தள்ளுங்கள். இந்தப் பிரிப்பைத் தச்சர் வருவதற்கு முதல்நாளே நீங்கள் செய்துவைத்தால் அரைநாள் கூலி மிஞ்சும்.

மரம் கூரைக்கு ஏறிய பிறகு குறுக்குக் கட்டைகளை அடுப்பில் வைத்துவிடாதீர்கள். அவை நன்றாகக் காய்ந்து, ஒரே அளவாக, கறை பிடிக்காத கட்டைகளாக இருக்கும். எண்ணிக் கட்டி, அடுத்து மரம் இறக்கப்போகும் வீட்டுக்குக் கொடுத்துவிடுங்கள்.